முடக்குவாதக்காரர்களின் வயிற்றுத் தொல்லை: எல்லாமே ‘கேஸ்’ அல்ல

நெஞ்சு கரித்தாலும், மேல்வயிறு பிசைந்தாலும், இரண்டு நாள் பசியே எடுக்காவிட்டாலும் சென்னையில் அதற்கு ஒரே பெயர்தான்: ‘கேஸ்’. ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த ஒற்றைச் சொல்லை நம்பி இருந்துவிடுவது ஆபத்து. அவர்களும் அவர்கள் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன. மாத்திரை அளவை மாற்றுவதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூட்டில் வரும் நோய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

முடக்குவாதம் கை கால் மூட்டோடு நின்றுவிடும் நோய் அல்ல, உடல் முழுக்க ஓடும் அழற்சி. ஆனாலும் அந்த அழற்சி நேராகக் குடலைத் தாக்குவது குறைவு. வயிற்றுத் தொல்லையோடு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் மாத்திரை டப்பாவில்தான் இருக்கும். அடுத்தபடியாக, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளால் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தொற்று. பிறகு, உமிழ்நீர் வற்றிப்போவது. பல வருடம் சரியாகச் சிகிச்சை எடுக்காமல் விட்டவர்களுக்கு அமிலாய்ட் என்ற புரதம் குடலிலும் சிறுநீரகத்திலும் படிந்து, ஓயாத வயிற்றுப்போக்கும் கால் வீக்கமும் வருவதுண்டு. நல்ல மருந்துகள் வந்த பிறகு இது அபூர்வமாகிவிட்டது.

ஆகவே முதல் வேலை, தொல்லை எந்த மாத்திரை தொடங்கிய பிறகு வந்தது, வாரத்தில் எந்தக் கிழமை வருகிறது, சாப்பிடும் முன்பா பின்பா என்று பத்து நாளுக்குக் குறித்து வைப்பது. ஸ்கேனைவிட அந்தக் காகிதம் பல நேரம் அதிகம் சொல்லிவிடும்.

வலி மாத்திரையை சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறேன்? அப்புறமும் புண் வருமா?

வரும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் எல்லாம் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் தயாரிப்பதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. வலியைத் தூண்டும் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான காப்புப் படலத்தையும் அங்கே போதிய இரத்த ஓட்டத்தையும் காத்து நிற்கிறது. காவல் போனதும் அமிலம் சுவரை அரிக்கிறது. இது இரத்தத்தின் வழியாக நடக்கும் வேலை. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் உடனடி எரிச்சல் குறையும். காப்புப் படலம் திரும்பி வராது. ‘வயிற்றுக்கு ஆகாது, ஊசியாகப் போடுங்கள்’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: இடுப்பில் போட்ட ஊசியும் இரைப்பையைப் புண்ணாக்கும்.

எட்டோரிகாக்ஸிப் மாதிரியான மாத்திரைகள் வயிற்றுக்குக் கொஞ்சம் சாது. இதய நோய் இருப்பவர்களுக்கும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களுக்கும் அவை ஏற்றவை அல்ல.

இரைப்பையைத் தாண்டி சிறுகுடலிலும் இந்த மாத்திரைகள் புண் போடும் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அமிலத்தைக் குறைக்கும் ‘அமில மாத்திரை’ எந்தப் பாதுகாப்பும் தராது. எண்டோஸ்கோப்பி சுத்தமாக இருந்தும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால் இதையும் நினைக்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

65 வயதைக் கடந்தவர்கள், முன்பே குடற்புண் வந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள். ஸ்டீராய்டு தனியாக இருந்தால் புண் ஆபத்து அவ்வளவு பெரிதல்ல. வலி மாத்திரையோடு கூட்டுச் சேர்ந்தால்தான் பல மடங்காகிறது.

வயதானவர்களுக்கு வயிற்று வலியே இல்லாமல் முதல் அறிகுறியாக இரத்த வாந்தி வரலாம். வலி மாத்திரை புண்ணையும் உண்டாக்கி அதன் வலியையும் மரத்துப்போகச் செய்துவிடுகிறது. ‘எனக்கு வயிறு வலிக்கவே இல்லையே’ என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் இருந்தால் ஆபத்து இன்னும் ஏறும். குடற்புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்று காட்டியதற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம். பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே அமில மாத்திரையையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். இந்த விவரத்தை லேபில் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.

மெடிக்கலில் கொடுக்கும் ‘செட்’ மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீர்கள். சின்னக் காகிதக் கவரில் அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று மாத்திரை: ஒன்று வலிக்கு, ஒன்று கேஸுக்கு, பொடிப்பொடியாக வெள்ளையாக இருக்கும் மூன்றாவது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ, அதாவது ஸ்டீராய்டு. பெயர் இருக்கும் பக்கம் அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். ஒரே வேளையில் விரல்கள் மடங்குவது அந்த மூன்றாவது மாத்திரையின் வேலை. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் வலி மாத்திரையோடு கடைக்காரரின் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரட்டை டோஸ். ஒரே வகை வலி மாத்திரை இரண்டைச் சேர்த்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, புண்தான் கூடும்.

டைக்ளோஃபினாக்கின் வீரியத்தை நம் ஊர்க் கழுகுகளைக் கேட்டால் தெரியும். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான மாத்திரை கடையில் அப்படியே இருக்கிறது.

அமில மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது? எத்தனை நாள்?

பான்டோபிரசோல் 40 மி.கி. மாதிரியான மாத்திரைகள் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் நன்றாக வேலை செய்பவை. காலையில் எழுந்து பல் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் ஒன்று, அரை மணி கழித்து இட்லி. டிபனுக்குப் பிறகு நினைவு வந்து போட்டுக்கொண்டால் பலன் குறையும். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். முதல் நாளே ‘கேட்கவில்லை’ என்று இரண்டாகப் போடாதீர்கள்.

வலி மாத்திரை தொடரும் வரை இதுவும் தொடரலாம். வலி மாத்திரையை நிறுத்தியும் பழக்கத்தில் இதை ஓட்டிக்கொண்டே போவதுதான் தவறு. வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12-ம் மெக்னீசியமும் குறையலாம், குடல் தொற்று எளிதில் வரலாம், எலும்பும் பலவீனமாகலாம். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாக எகிறி ‘மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியாது’ என்று தோன்றவைக்கும். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்குவது நல்லது.

இன்னொன்று. அட்டையில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அது குமட்டலுக்கான மருந்து, மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கல்ல. இதயத் துடிப்பின் தாளத்தைக் குழப்பக்கூடியது. முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கும் அதே குணம் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டாம்.

மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மூட்டைக் காப்பாற்றும் மருந்துகளில் முதலிடம் இதற்குத்தான். குமட்டலால் இதைக் கைவிட்டு வலி மாத்திரையில் காலம் தள்ளுபவர்கள் கடைசியில் மூட்டையும் இழந்து வயிற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். குமட்டலைக் குறைக்க வழிகள் இருக்கின்றன.

மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் மோசமான நேரம் தூக்கத்தில் கழியும். மறுநாள் வேலை இல்லாத கிழமையாகத் தேர்ந்தெடுங்கள். ஃபோலிக் ஆசிட் சரியாகப் போகிறதா பாருங்கள்: வாரத்துக்குக் குறைந்தது 5 மி.கி., பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் இல்லாத நாட்களில். வாய்ப்புண்ணும் குமட்டலும் அதிகமானால் டாக்டர் அதைக் கூட்டுவார். அப்படியும் அடங்காவிட்டால், வாராந்திர அளவை ஒரே நாளில் காலை பாதி, இரவு பாதி என்று 12 மணி இடைவெளியில் பிரிக்கலாம். அடுத்த படி தோலுக்கடியில் போடும் ஊசி. மாத்திரை ஒத்துக்கொள்ளாத பலருக்கு ஊசி ஒத்துக்கொள்கிறது, 15 மி.கி.-க்கு மேல் போகும்போது மருந்து உடலில் சேர்வதும் ஊசியில்தான் சீராக இருக்கும். மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்ற நிலைக்கு வந்துவிட்டால் வாந்தி மாத்திரையை அரை மணி முன்பே போடச் சொல்வார்கள்.

இந்த மருந்தில் உயிர் போகும் தவறு ஒன்று உண்டு: வாரம் ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போடுவது. மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் பல கம்பெனிகளில் ஒரே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரையாக வருகின்றன. பாட்டியின் மாத்திரை டப்பாவைப் பேரன் நிரப்பும் வீட்டில் இரண்டும் இடம் மாறுவது எளிது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தக் கிழமையை மட்டும் வட்டமிட்டு, போட்டதும் அடித்துவிடுங்கள். கடையில் புது அட்டை வாங்கும்போது மி.கி. பாருங்கள். 2.5 மி.கி.-யில் ஆறு மாத்திரை சாப்பிட்டவர் 7.5 மி.கி. அட்டையிலிருந்தும் ஆறு போட்டால் 15 என்பது 45 ஆகிவிடும். தவறுதலாகத் தினமும் போட்டவருக்கு முதலில் வருவது வாய் முழுக்கப் புண்ணும் வயிற்றுப்போக்கும். அதை ‘சூடு’ என்று இளநீர் கொடுத்து உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவருக்கு வேறு காரணத்துக்காக யாராவது கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால் வாங்காமல் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். இரண்டும் சேரவே கூடாது.

மற்ற மாத்திரைகள் வயிற்றை என்ன செய்யும்?

சல்ஃபாசலசின்: தொடக்கத்தில் குமட்டல், தலைவலி. ஒரு 500 மி.கி. மாத்திரையில் தொடங்கி வாரம் ஒன்றாகக் கூட்டினால் பழகிவிடும். குடலில் போய்க் கரையும் பூச்சு உள்ளதால் உடைக்கக் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயம் வேண்டாம்.

லெஃப்லுனோமைட்: வயிற்றுப்போக்குக்குப் பெயர்போனது. 20 மி.கி.-யை 10 ஆக்கினாலே பலருக்கு அடங்கும். உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் நிறுத்திய மறுநாளே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்: வயிறு நிறைந்த பிறகு போட்டால் தொல்லை குறைவு. அமிலத்துக்கான திரவ மருந்து குடித்தால் இதற்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மலம் கறுப்பாகப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரையாலா, இரத்தமா?

இரும்பு மாத்திரையில் மலம் கரும்பச்சையாக, ஆனால் வழக்கமான பதத்தில் போகும். இரத்தம் என்றால் தார் மாதிரி: பளபளப்பு, பிசுபிசுப்பு, தண்ணீர் ஊற்றினாலும் கழிப்பறைக் கோப்பையில் ஒட்டிக்கொள்ளும், நாற்றம் குமட்டும். கூடவே எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, நெஞ்சு படபடப்பு, வியர்வை இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவு 2 மணியானாலும் கிளம்புங்கள்.

ஹீமோகுளோபின் 9. முடக்குவாதம் இருந்தால் இரத்தம் குறையத்தான் செய்யும் என்கிறார்களே?

பாதி உண்மை. நீண்ட நாள் அழற்சி, உடலில் இருக்கும் இரும்பைப் பூட்டி வைத்துவிடும். அதனால் இரத்தம் குறையும். ஆனால் குடலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் குறையும். ‘நோயால்தான்’ என்று விட்டுவிட்டால் புண்ணோ கட்டியோ மறைந்து நிற்கும்.

பிரித்தறிய, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்ப்பார்கள். இங்கே ஒரு வழுக்கல் உண்டு: அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். லேப் தாளில் ‘நார்மல்’ என்று 60 காட்டும், இரும்போ காலியாக இருக்கும். அழற்சி உள்ளவருக்கு 100-க்குக் கீழே இருந்தாலே இரும்புக்குறையைச் சந்தேகிக்க வேண்டும். இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். இரும்புக்குறை உறுதியானால் ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் மேலேயும் கீழேயும் எண்டோஸ்கோப்பி பார்ப்பதே முறை.

வாய் வறண்டு சப்பாத்தி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

முடக்குவாதத்தோடு ஷோக்ரன் நோயும் சேர்ந்து உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளை வற்றச் செய்யலாம். கண்ணில் மணல் உறுத்துவது போலவும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வறண்ட பண்டங்களை ரசத்திலோ மோரிலோ நனைத்துச் சாப்பிடுங்கள், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பாருங்கள். நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் படலமும் விழுங்கும்போது நெஞ்சில் வலியும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி வரும், மாத்திரையில் சரியாகும்.

எலும்புக்கான வாராந்திர மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது.

அலெண்ட்ரோனேட் உணவுக்குழாயில் ஒட்டினால் சுட்டுவிடும். வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அந்த அரை மணியில் ஃபில்டர் காபி கூடாது. காபியோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடலில் ஏறாது, மறுபடி போய்ச் சாய்ந்தால் எரியும். அப்படியும் எரிந்தால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

திடீரென்று வாந்தி, வயிற்றுப்போக்கு. எந்த மாத்திரையை நிறுத்துவது?

உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் தளரும். தளர்ந்தால் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறாமல் தேங்கி நஞ்சாகும். அதனால் அந்த வாரத்து டோஸைப் போடாமல் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வாரம் தவறுவதால் மூட்டு ஒன்றும் ஆகிவிடாது. வலி மாத்திரையையும் நிறுத்துங்கள். இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இருந்தால் அவற்றையும் விசாரியுங்கள்.

நிறுத்தக்கூடாதது ஸ்டீராய்டு. சில வாரங்களாக பிரெட்னிசோலோன் சாப்பிடுபவரின் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். வாந்தியால் மாத்திரை தங்காமல் போனால் அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார். விழுங்கிய அரை மணிக்குள் வாந்தியோடு வந்துவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், அதுவும் தங்காவிட்டால் மருத்துவமனையில் ஊசியாகப் போட வேண்டும். ‘ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்’ என்பதை உள்ளே நுழைந்ததும் முதல் வரியாகச் சொல்லுங்கள்.

1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். பழைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் கைவசமுள்ள அளவுகோல். டம்ளர் டம்ளராகப் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்காதீர்கள். 24 மணிக்குள் குடித்து மீதியைக் கொட்டுங்கள். கடையில் பழரச டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. சர்க்கரை கூடினால் போக்கும் கூடும்.

மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு, கூடவே இடுப்பும் பிடிக்கிறது.

அப்படியானால் முதலில் போட்ட பெயரையே மறுபடி சோதிக்க வேண்டும். குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைடிஸ் ஆகிய குடல் அழற்சிகளும் மூட்டு வலியைக் கொண்டுவரும். தூக்கத்திலிருந்து எழுப்பும் போக்கு, மலத்தில் இரத்தம், எடை இறங்குவது, காலை எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு பிடித்துக்கொள்வது ஆகியவை அந்தப் பக்கம் கைகாட்டும். நம் ஊரில் இன்னொரு குழப்பம் குடல் காசநோய். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைத்தான் குரோனும் காசநோயும் விரும்பும். கொலோனோஸ்கோப்பியில் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். சதை எடுத்துச் சோதித்தும் முடிவு தெரியாமல், காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உண்மையில் காசநோயாக இருந்துவிட்டால் அது பரவும்.

இதனால்தான், அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் பயாலஜிக் ஊசி தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் கேட்கிறார்கள். குடல் அழற்சியும் இருப்பவருக்கு ஊசியின் தேர்வும் மாறும்: அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் குடலுக்கும் உதவும், எட்டானர்செப்ட் உதவாது. டோசிலிசுமாப் ஊசி, டோஃபாசிடினிப் மாத்திரை எடுப்பவர்களுக்குக் குடலில் ஓட்டை விழும் ஆபத்து சிறிதளவு உண்டு. குடல் பை அழற்சியான டைவர்ட்டிகுலைட்டிஸ் முன்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் எதைத் தள்ள வேண்டும்?

கத்தரிக்காய், தக்காளி, புளி என்று நீண்ட பட்டியலோடு வருவார்கள். எல்லோருக்கும் ஆகாத காய் என்று ஒன்று இல்லை. உங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதது இருந்தால் இரண்டு வாரம் விட்டு, மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். தொல்லை திரும்பினால்தான் தள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்குக் காலைக் காபிதான் ‘கேஸ்’. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மத்தி, கானாங்கெளுத்தி நல்லது, பொரிக்காமல் குழம்பாக.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைவிட எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது முக்கியம். கடற்கரையில் ஆவி பறக்கும் சுண்டல் பரவாயில்லை. அதே வண்டிக்குப் பக்கத்தில் காலையிலிருந்து அதே கத்தியால் அரிந்து வைத்த மாங்காய்க் கீற்றும், பானிபூரித் தண்ணீரும், ஐஸ் போட்ட கரும்புச் சாறும் வேண்டாம். கேன் தண்ணீரையும் காய்ச்சியே குடியுங்கள். டைஃபாய்டு தடுப்பூசி போடலாம், ஊசி வகை மட்டும். வாய்வழி கொடுப்பது உயிருள்ள கிருமி.

நாட்டு மருந்து சேர்த்துக்கொள்ளலாமா?

அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை மாதிரி முறையாகப் படித்த சித்த மருத்துவர் இருக்கும் இடத்தில், இரண்டு சிகிச்சையையும் இருவருக்கும் தெரியச் சொல்லி எடுப்பது வேறு. பெயரும் கலவையும் எழுதாத பொட்டலப் பொடி வேறு. இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உருண்டை ஆகிறதா பாருங்கள். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை இந்திய டாக்டர்கள் பதிவு செய்தார்கள். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. ரசத்தில் மஞ்சள் போடுவதில் தவறில்லை. செறிவூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூலை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ப்பதில்தான் கல்லீரலுக்குத் தலைவலி.

எப்போது காத்திருக்கக் கூடாது?

இரத்த வாந்தி அல்லது காபித்தூள் கலந்தாற்போல வாந்தி, தார் மலம், வயிறு பலகை மாதிரி இறுகுவது, கண் மஞ்சள், வாய் முழுக்கப் புண்ணோடு காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் 108. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் குடலில் ஓட்டை விழுந்தாலும் காய்ச்சலும் கடும் வலியும் இல்லாமல், ‘ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது’ என்ற அளவில் மட்டும் தெரியலாம். அவர்கள் விஷயத்தில் லேசான புதிய வயிற்று வலியையும் அன்றைக்கே காட்டுங்கள்.

அவசரமில்லாத தொல்லைக்கு சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜி பிரிவு இருக்கிறது, இரைப்பை-குடல் பிரிவும் இருக்கிறது. போகும்போது மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாமல் அட்டையோடு எடுத்துப் போங்கள். மெடிக்கலில் வாங்கிய பெயர் தெரியாத கவர் மீதி இருந்தால் அதையும் மறைக்காமல் மேஜையில் வையுங்கள்.